ரோட்டைத் திருப்பச் சொன்ன போர்டிகோ அண்ணன்

ரோட்டைப் பார்த்து வாசல் வைத்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர். வாசலுக்கு நேரே ரோடு இல்லை என்பதற்காக, ஊர் ரோட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே போடச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வருஷா வருஷம் மனு கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஏற்காட்டில் இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று ஒண்டிக்கடை முக்கில் யாரைக் கேட்டாலும், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "போர்டிகோதானுங்க" என்பார்கள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் போர்டிகோ அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊருக்கு நடுவில், ஏரிப்பக்கம் இறங்குகிற ரோட்டில் இருக்கிறது. காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, டவுனுக்கு வந்தால் தங்குவதற்காகக் கட்டிய பங்களா. கனத்த கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, தேக்கு உத்தரம், ஆள் உயர ஜன்னல்கள், குளிருக்கு நெருப்பு மூட்ட அறைக்கு அறை கணப்பு. பெயர் 'லேக் வியூ'. ஏரி நன்றாகவே தெரியும். குளியலறையிலிருந்து மட்டும்.

ஏனென்றால் அந்த வீடு ரோட்டுக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிவது வரிசையாகக் கக்கூஸ் ஜன்னல்கள், கழிவுநீர்க் குழாய், சமையல்கட்டின் கரி பிடித்த சுவர், கொடியில் காய்கிற பனியன். அந்தப் பக்கம் போனால்தான் ராஜ தோரணை. நான்கு உருண்டைத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, பளிங்கு மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சு, அகலமான படிகள். இவ்வளவு அழகான போர்டிகோ ஒரு பெரிய பாறையை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வண்டி வந்து நிற்பதற்கென்றே கட்டிய இடத்துக்குக் கட்டிய நாள் முதலாக ஒரு வண்டியும் வந்ததில்லை. வரவும் முடியாது. பாறைக்கும் தூணுக்கும் நடுவே அவ்வளவுதான் சந்து.

நான் அப்போதுதான் கட்டடக்கலை படித்து முடித்திருந்தேன். பழைய கட்டடம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். விற்பதற்கு முன்னால் வீட்டை அளந்து படம் போட்டுத் தரச் சொன்னார். லேசர் அளவுக் கருவியும் கையுமாக, ஸ்கூட்டியில் குப்பனூர் வழியாக மலையேறிப் போய், தூறலில் நனையாமல் ஓடி, ரோட்டுப் பக்கம் இருந்த சமையல்கட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, தோட்ட வேலைக்கென்று இந்த வீட்டுக்கு வந்து, அப்புறம் இந்த வீடாகவே ஆகிப்போனவர். காக்கிப் பேண்ட், மேலே யாரோ துரை விட்டுப்போனது போன்ற கோட்டு, தலையில் குரங்குக் குல்லா.

"உள்ள வாங்க கண்ணு. ஆனா நீங்க வந்ததா நான் எடுத்துக்க மாட்டனுங்க."

"என்னங்கண்ணா?"

"இது பொறவாசலுங்க. பொறவாசல்ல வர்றவிங்களை வாங்கன்னு சொன்னா ஊட்டுக்கு மரியாதை இல்லீங்க. இப்படியே நேராப் போங்க. ஹாலைத் தாண்டுனா பெரிய கதவு. அதைத் தெறந்து வெளிய போயி, சாத்திக்கிட்டு, தட்டுங்க."

போனேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரே தள்ளில் திறக்கிற கதவல்ல அது, யானை நுழையலாம். தட்டினேன்.

"யாருங்க?" என்றது, அரை நிமிஷத்துக்கு முன் என்னோடு பேசிய அதே குரல்.

"நான்தாண்ணா."

"நான்தான்னா யாருன்னு தெரியிறதுங்க? பேரு, ஊரு, வந்த காரியம்?"

சொன்னேன். மூன்றும் சொல்லி முடிக்கிறவரை பாறையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் முதுகில் இறங்கியது. பிறகு அந்தப் பெரிய கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. போர்டிகோ அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"வாங்க வாங்க வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? அடடா, இப்படி நனைஞ்சுட்டீங்களே! மழையில எதுக்கு வெளிய நிக்கிறீங்க?"

இது எனக்கு மட்டும் நடந்த மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்துபோயிருந்தேன். மறுநாள்தான் தெரிந்தது, எல்லோருக்கும் இதுதான். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் நுழைவார். அடுப்பு அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தொடாமல் தாண்டி, சாப்பாட்டு அறை, ஹால், பெரிய கதவு என்று நடந்து வெளியே போய், தட்டி, "யாருங்க?" வாங்கி, "சிலிண்டருங்க" என்று சொல்லி, வரவேற்கப்பட்டு, மறுபடி அத்தனை தூரமும் நடந்து அதே அடுப்புக்கு வந்து இறக்கிவைப்பார். மீட்டர் படிக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். மீட்டர் சமையல்கட்டுக் கதவுக்கு வெளியிலேயே இருக்கிறது. அவர் வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. அவரையும் விடமாட்டார்.

ஒண்டிக்கடையில் பஜ்ஜி போடுகிற சரசக்கா சத்தியம் செய்து ஒரு கதை சொன்னார். "ஒரு நாளு காட்டெருமை ஒண்ணு சமையல்கட்டுப் பக்கமா தலையை உட்ருச்சு கண்ணு. வேறொருத்தனா இருந்தா ஓடியிருப்பான். இந்த மனுசன் என்ன பண்ணாருங்கறே? அதையும் சுத்திக்கிட்டு முன்னால போகச் சொன்னாரு. அதுவும் போச்சு. போர்டிகோவுல சித்த நேரம் நின்னு பாத்துச்சு. கதவைத் தட்டத் தெரியலை, பாவம், திரும்பிப் போயிருச்சு."

போர்டிகோவில் ஒரு போர்டு தொங்கியது. சிவப்பு எழுத்தில் 'நோ பார்க்கிங்'.

"ஏண்ணா, இங்கதான் வண்டியே வராதே, எதுக்கு இந்தப் போர்டு?" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போர்டு வெச்சிருக்கறதுனாலதானுங்க வர்றதில்லை."

ஆனால் அவருடைய ஆசையோ, வண்டி வரவேண்டும் என்பதுதான். அதை ஒரு நாள் தூணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தினமும் காலையில் நான்கு தூண்களையும் ஈரத்துணியால் துடைப்பார். வெயில் என்றால் என்னவென்றே தெரியாத பக்கம் அது, விட்டால் ஒரே வாரத்தில் பாசி ஏறிவிடும்.

"ஒரே ஒரு தரம் கண்ணு. ஒரு வண்டி வந்து இந்தப் போர்டிகோவுக்குள்ளார நிக்கோணும். நான் படியெறங்கிப் போயி கதவைத் தெறந்துவிட்டு, வாங்கன்னு சொல்லோணும். இந்த ஊடு அதுக்குத்தானுங்க பொறந்துது. அதைப் பாக்காம இடிஞ்சு போச்சுன்னா, கல்யாணத்தைப் பாக்காம போன பொண்ணு மாதிரி ஆயிருமுங்க."

"என் ஸ்கூட்டியைக் கொண்டுவரட்டுமாண்ணா? சந்துல நுழையும்."

முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு சக்கரமுங்களா? அதைச் சமையல்கட்டுப் பக்கமே நிறுத்துங்க கண்ணு."

நாலு சக்கரம் வரவேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, ரோடு. மனு கொடுத்துப் பார்த்தார். ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரவைத்துத்தான் கேட்டிருக்கிறார். "ஏனுங்க, உங்க ஊட்டுக்காக ரோட்டை அந்தப் பக்கம் திருப்பிட்டா, இப்ப இந்த ரோட்டைப் பாத்துட்டு இருக்கற மத்த ஊடெல்லாம் என்னுங்க பண்ணும்?" போர்டிகோ அண்ணன் யோசிக்கவே இல்லையாம். "அதுகளையும் திருப்பிக் கட்டச் சொல்லுங்க. தப்பு அதுக மேலதானுங்க."

இரண்டாவது வழி, பாறை. வெடி வைக்க மலையில் அனுமதி கிடையாது. அதனால் அவர் அதை வேகவைத்தார். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சில்வர் ஓக் கிளைகளும் காய்ந்த காபிக் குச்சிகளும் பொறுக்கிவந்து பாறையோரம் குவித்துத் தீ வைப்பார். பாறை நன்றாகச் சூடேறியதும் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார். 'டப்' என்று ஒரு சத்தம். எங்கோ ஒரு கீறல் விழும். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் இட்லி அளவுக்கு ஒரு சில்லு வரும். அவ்வளவுதான் அன்றைய அறுவடை. கல் உடைக்கிறவர்களுக்குத் தெரிந்த பழைய வித்தைதான் இது. அவர்கள் இதைச் சம்பளத்துக்குச் செய்தார்கள். அண்ணன் ஆசைக்குச் செய்தார்.

புகை எழுந்தால் ஒண்டிக்கடை முழுக்கக் குஷியாகிவிடும்.

"போர்டிகோ! பாறை வெந்துருச்சுங்களா?"

"உப்புப் போட்டீங்களா உப்பு?"

"எங்க ஊட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பி வுடுங்க!"

இதற்கெல்லாம் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பில் இருக்கிற பருப்பைப் பற்றிக் கேட்டது போல், "இன்னும் சித்த வேகோணுமுங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்கு ஒரே ஒரு முறை என் மேல் கோபம் வந்தது. தப்பு என்னுடையதல்ல, கட்டடக்கலையுடையது. வீட்டை அளந்து படம் போட்டுக்கொண்டே வந்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. வெயில் காய்வதற்கென்று கட்டிய நீளமான வராந்தா, வெயிலே விழாத வடக்குப் பக்கம். அடுப்பு எரிகிற சமையல்கட்டோ பகலெல்லாம் வெயில் விழுகிற தெற்குப் பக்கம். ஏரியைப் பார்க்க வேண்டிய பெரிய ஜன்னல்கள் பாறையைப் பார்க்கின்றன. படத்தை மேஜையில் வைத்து அரை வட்டம் திருப்பினேன். எல்லாம் 'படக்'கென்று பொருந்திவிட்டது! போர்டிகோ ரோட்டுக்கு நேராக. வராந்தாவில் வெயில். ஜன்னல் நிறைய ஏரி. வீடு முழுசும் தலைகீழாகத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது.

ஏன் என்பதுதான் கேள்வி. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள், அந்த வீடுதான் ஆதாரம். துரை படத்தைக் கொடுத்துவிட்டு எங்கோ போயிருப்பார். கட்டியவர்கள் கீழே சமவெளியிலிருந்து வந்த மேஸ்திரிகள். படத்தைப் பார்க்கிறார்கள்: தெற்குப் பார்த்த வாசல்! எமன் திசை! துரை பாவம், நல்ல மனிதர், கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறார், விவரம் தெரியாமல் தெற்கே வாசல் போட்டுவிட்டார், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? நாலு பேரும் கூடிப் பேசி, சத்தமில்லாமல் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, வாசலைக் குபேரன் இருக்கிற வடக்குப் பக்கம் வைத்துவிட்டார்கள். அங்கே பாறை இருந்தது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. உயிரைவிடவா பாறை பெரியது? துரை திரும்பி வந்து பார்த்தபோது என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். இப்படி ஒரு அன்பான தப்பை நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அப்போ ரோடு சரி. ஊடுதான் தப்புங்கறீங்களா?"

"தப்புன்னு இல்லண்ணா, திரும்பி..."

"ஊட்டுக்குள்ளாரயே நின்னுட்டு ஊட்டைக் கொறை சொல்றீங்களே கண்ணு!"

தினமும் அவர் போட்டுத் தருகிற கடுங்காபி அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கப்படி பெரிய கதவுக்கு வெளியே போய்த் தட்டினேன்.

"யாருங்க?"

பேர், ஊர், வந்த காரியம் எல்லாம் சொன்னேன்.

"அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதுங்களே."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பனி வேறு இறங்கி என் கைவிரலே எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "என்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. தூணுகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு தூணைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்ட முதல் கட்டடக்கலைப் பட்டதாரி நானாகத்தான் இருக்கும். கதவு திறந்தது. காபி வந்தது. அன்று வெல்லம் தூக்கலாகவே இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. வாங்குவதற்கு ஆள் அமைந்துவிட்டது. நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணைக்காரர். ஏற்காட்டில் அவரை யாரும் பார்ப்பதற்கு முன்பே முட்டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாஸ்து பார்க்காமல் தும்மக்கூட மாட்டாராம். வடக்குப் பார்த்த வாசல் என்றதும் பாதி மனசு விழுந்துவிட்டதாம். இடத்தை வாங்கி, வீட்டை இடித்துத் தள்ளி, அதே வடக்கு வாசல் வைத்துக் கண்ணாடி கண்ணாடியாக ஒரு லாட்ஜ் கட்டப்போகிறாராம்.

போர்டிகோ அண்ணனிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் பாறையோரம் இரண்டு மடங்கு விறகு குவித்தார்.

சரசக்காதான் அவரைப் பஜ்ஜிக் கடைக்குள் இழுத்து உட்காரவைத்தார். "இதுக்கு எதுக்கு வெசனம்? அந்தாளு வந்தா, ஊட்டைப் பத்தி நாலு கெட்ட வார்த்தை சொல்லுங்க. ஓடியே போயிருவான். இப்ப நான்தான் முட்டைக்காரன்னு வெச்சுக்கங்க." கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குரலை மாற்றினார். "ஏம்ப்பா, ஊட்டுல பேயி கீயி இருக்குதா?"

அண்ணன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "இருக்குதுங்க."

"அப்படிச் சொல்லு!"

"ஆனா நொம்ப நல்ல பேய்ங்க. யாரையும் தொந்தரவு பண்ணாதுங்க."

சரசக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மழைக்கு ஒழுகுதா?"

"ஒழுகுமுங்க. ஆனா சொட்டற சத்தம் தாலாட்டு மாதிரி இருக்குமுங்க."

"பாம்பு?"

"வருமுங்க. ஆனா மரியாதை தெரிஞ்ச பாம்பு. எப்பவும் போர்டிகோ வழியாத்தான் வரும்."

"இவரைக் கட்டிக்கிட்டு அழுகறதுக்கு..." என்று சரசக்கா எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது என்கிற கொள்கையெல்லாம் இல்லை. பாறை பிற்பாடுதான் அங்கே வந்து உட்கார்ந்தது என்று சுற்றுலாக்காரர்களிடம் அளந்துவிடுகிறவர்தான். அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

முட்டைக்காரர் வந்தார். கப்பல் மாதிரி ஒரு புதுக் கார். வெள்ளை வேட்டி, கையில் போன், போனில் திசைகாட்டி. சமையல்கட்டுக் கதவில் அண்ணன் தன் வழக்கமான பாட்டை ஆரம்பித்தபோது, முட்டைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொதத் தடவை காலடி வெக்கறது சமையல்கட்டு வழியாவா? வெளங்குமா? தலைவாசல் வழியாத்தான் நுழைவேன்."

அண்ணனின் கண்கள் மின்னின. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்!

"அப்படிச் சொல்லுங்க முதலாளி! சந்துல சுத்திக்கிட்டுப் போலாமுங்க. ஆனா நடந்து போகக் கூடாதுங்க. போர்டிகோவுக்கு வண்டியிலதான் வரோணும்."

"வண்டி போகுமா?"

"தாராளமாப் போகுமுங்க! பாறை வெந்து எடங்குடுத்திருக்குதுங்க!"

நான் லேசரை நீட்டி அளந்தேன். முகப்பில் கார் நுழையும். உள்ளே போகப் போகச் சந்து குறுகி, தூண்களுக்கு நேரே ஒரு சாண் பற்றாது. "போகாதுங்க! ஒரு சாண் பத்தாதுங்க!" என்று கத்தினேன். டிரைவர் என்னையும் என் கருவியையும் பார்த்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். "நான் சேலம் கடைவீதியிலயே ஓட்டறவன்மா" என்றார். புகை இல்லாத நாளில் அண்ணன் சந்துக்குள் கையாட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பதைப் பார்த்து, ஒண்டிக்கடையே வேடிக்கைக்கு வந்துவிட்டது.

"வரலாம்... வரலாம்... வரலாம்..."

கார் வந்தது. போர்டிகோவுக்குச் சரியாக நடுவில் வந்து நின்றது. நிறுத்தி நின்றதல்ல. 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தத்தோடு, இந்தப் பக்கம் பாறைக்கும் அந்தப் பக்கம் தூண்களுக்கும் நடுவே, சீசாவில் போட்ட தக்கை மாதிரி உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

போர்டிகோ அண்ணனுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. ஓடிப்போய்ப் படியேறி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முறைப்படி இறங்கி வந்தார். நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். கார்க் கதவைத் திறந்தார். அது தூணில் இடித்து, கை நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அந்த இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டு, முட்டைக்காரர் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க வாங்க வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

முட்டைக்காரர் பின்சீட்டைச் சாய்த்து, ஊர்ந்து, டிக்கி வழியாக வெளியே வந்தார், பின்னாலேயே டிரைவரும். வேட்டி வெள்ளையாக இல்லை. தலைக்கு மேலே 'நோ பார்க்கிங்' போர்டு ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள்.

"சிரிக்காதீங்க! ஒரு கடப்பாரை கொண்டாங்க!" என்று கத்தினார் முட்டைக்காரர். "அந்த மொதல் தூணைப் பேத்து எடு. எப்படியும் இடிக்கப்போற ஊடுதானே!"

டிரைவர் போய், பாறையோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார். அண்ணன் பாறைக்காக வைத்திருந்த அதே கடப்பாரை.

போர்டிகோ அண்ணன் ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டார். குல்லா கழன்று விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு முட்டைக்காரரைப் பார்த்தார். பேச்சு திக்கித் திக்கி வந்தது.

"முதலாளி... இந்த ஊடு உங்களுக்கு வேண்டாமுங்க."

"ஏன்?"

"இது... இது திருப்பிக் கட்டுன ஊடுங்க." கண்ணை மூடிக்கொண்டார். "ரோடு சரியாத்தானுங்க இருக்குது. ஊடுதானுங்க தப்பு."

சரசக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை வருஷமாக ஊரே சொல்லியும் ஒப்புக்கொள்ளாத வார்த்தை அது.

"படத்துல தெக்குப் பாத்த வாசலுங்க. மேஸ்திரிங்க பயந்துக்கிட்டு வடக்கால திருப்பி வெச்சுட்டாங்க. திருப்பி வெச்சா மட்டும் பொறப்பு மாறிருமுங்களா? ரோடு தெக்கால இருக்குது. ரோடு எங்கயும் வரப்போறதில்லீங்க. மனு குடுத்துச் சலிச்சுட்டனுங்க. இது தெக்குப் பாத்த மனைதானுங்க."

முட்டைக்காரர் போனை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மாட்டிக்கிடந்த காரைப் பார்த்தார்.

"தெக்கு மனையா? அதான் வாசல்லயே வண்டியைப் புடிச்சு வெச்சுருச்சு!" என்றவர், வீட்டுக்குள் ஒரு காலைக்கூட வைக்காமல் சந்து வழியாக விறுவிறுவென்று நடந்து ரோட்டுக்குப் போய், சேலம் பஸ் ஏறிவிட்டார்.

காரை எடுக்க, காபி மூட்டை தூக்குகிற ஆட்கள் வந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வாழைமட்டைகளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, 'ஏலேலோ' போட்டுப் பின்னால் இழுத்தார்கள். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு என் கருவியை எடுக்கத் திரும்பி வந்தேன். அண்ணன் ஈரத்துணியோடு முதல் தூண் பக்கத்தில் நின்றிருந்தார். கார் உரசிய இடத்தைத் துடைத்துக்கொண்டு, ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மனசுல வெச்சுக்காத. ஒரு அவசரத்துக்குச் சொன்னது. நீ சரியாத்தான் இருக்கற."

நான் சத்தமில்லாமல் சமையல்கட்டு வழியாகப் போய்விட்டேன்.

வீடு இன்னும் விற்கவில்லை. தெற்கு மனை என்கிற பேச்சு மலையிறங்கிவிட்டதால், கோயம்புத்தூர்க்காரருக்கு இப்போதைக்கு ஆள் கிடைப்பதாகத் தெரியவில்லை. புகை மட்டும் மறுபடி தினமும் எழுகிறது.

போன மாதம் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். ஸ்கூட்டியைச் சமையல்கட்டுப் பக்கம் நிறுத்தப் போனபோது, கதவு திறந்து குரங்குக் குல்லா எட்டிப் பார்த்தது.

"அங்க வேண்டாம் கண்ணு. போர்டிகோவுக்குக் கொண்டாங்க."

"ரெண்டு சக்கரம்தாண்ணா இது. அதோட, அன்னைக்கே நாலு சக்கரம் வந்துருச்சே?"

"அது வந்ததில்லீங்க, மாட்டுனது. வந்தது வேற, மாட்டுனது வேற. நீங்க சுத்திக்கிட்டு வாங்க."

சந்து வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், நான்கு தூண்களுக்கு நடுவே நிறுத்தினேன். பெரிய கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். ஸ்கூட்டிக்கு இல்லாத கதவை, கைப்பிடியைத் தேடிப் பிடித்து, பவ்வியமாகத் திறந்துவிட்டார். நானும் தலையைக் குனிந்து இறங்கினேன்.

"வாங்க வாங்க வாங்க!" யாருங்க என்று கேட்கவே இல்லை.

உள்ளே போகும்போது என் தலைக்கு மேலே தொங்கிய 'நோ பார்க்கிங்' போர்டைக் காட்டி, "வண்டி நிக்கலாமாண்ணா?" என்றேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். எட்டி, அந்தப் போர்டைப் பிடித்து, எழுத்து சுவர்ப் பக்கம் போகிற மாதிரி திருப்பித் தொங்கவிட்டார். ஊர் ரோட்டைத் திருப்ப அவரால் முடியவில்லை. எனக்காக அந்தப் போர்டைத் திருப்பினார்.